ஓடைக்கரையில் பிணை இருந்த காலை

நிரோஷி, ஜெறோம், இதை உங்கள் இரண்டு பேருக்குமாகத்தான் எழுதுகிறேன். நிரோஷி முதலில் வாசித்துவிட்டுத் தம்பிக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அவன் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூட விடுமுறை முடிந்துவிடும். வாயால் சொல்லலாம் என்று ஓரிரு தடவை தொடங்கிப் பார்த்தேன். தொடங்கின உடனேயே நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள், நான் கதையை மாற்றிவிட்டேன். எழுதினால் நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியாது, அது ஒரு வசதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்குப் பேய் பிசாசில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. மன்னாரில் பெருக்கமரத்தடியில் வெள்ளைச் சேலை நிற்கிறது என்று சொன்ன ஆட்களிடம், நின்றால் நிற்கட்டும், அதுவும் நிழலுக்குத்தான் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அங்கேயே படுத்தவன் நான். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்து வளர்ந்த எனக்குப் பயப்படுவதற்கு உயிரோடு இருக்கிற ஆட்களே போதுமாக இருந்தார்கள். அம்மாவின் சிநேகிதி, ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருக்கிற அன்ரி, யாருமில்லாத மாடியில் லிப்ட் தானாகத் திறக்கிற கதையைச் சொன்னபோது, வயரிங் பிழையாக இருக்கும், ஆளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கோ என்று சொன்னதும் நான்தான். அன்ரிக்குக் கோபம் வந்து தேத்தண்ணியையும் குடிக்காமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அப்பாவுக்கும் வயது போகிறது என்று நினைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்புவது உங்கள் விருப்பம்.

இது நிரோஷியின் பள்ளிக்கூட வேலையில் இருந்துதான் தொடங்குகிறது. போன வருடம் சரித்திரப் பாடத்தில் உனக்கு வைக்கிங் ஆட்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். நீ சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு வாசித்ததை எல்லாம் எங்களுக்குச் சொன்னாய், பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில். இங்கிலாந்தில் சாக்சன் ஆட்களும் கடல் கடந்து வந்த டேன் ஆட்களும் வருடக்கணக்காக அடிபட்டு, கடைசியில் இரண்டு பக்கத்து ராஜாக்களும் சேர்ந்து ஆற்றை எல்லையாக வைத்து ஒப்பந்தம் செய்தார்களாம். எந்தப் பக்கத்து ஆளும் அனுமதி இல்லாமல் மற்றப் பக்கம் போகக்கூடாது. மாடு விற்கவோ சாமான் வாங்கவோ போவதென்றால், போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவதற்காக அந்தப் பக்கத்து ஆள் ஒருவரை இந்தப் பக்கம் பிணையாக இருத்த வேண்டும். போனவர்கள் திரும்பவில்லை என்றால் இருந்தவர் கதி அவ்வளவுதான்.

நான் கரண்டியை வைத்துவிட்டு, இது எங்கட ஊர்ப் பாஸ் மாதிரி எல்லோ இருக்கு என்றேன். நீ, அப்பா, இது ஆயிரம் வருசத்துக்கு முந்தி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் மேற்கொண்டு சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் மற்றது விளங்காது.

நான் பெடியனாக இருந்த காலத்தில் எங்கள் இடத்தில் இருந்து வெளியே, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பக்கம் போவதென்றால், எங்கள் பக்கத்தை வைத்திருந்தவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் தருவதென்றால் ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவரைப் பிடித்து வைப்பார்கள். என்னுடைய அப்பா, உங்கள் அப்பப்பா, ஒரு மனுசனுக்குப் பிணை நின்றார். பக்கத்து வளவுக்காரர், கண் ஆபரேசனுக்குப் போகிறேன் என்று கேட்டார், அப்பப்பாவும் யோசிக்காமல் ஓம் என்றார். அந்த மனுசன் திரும்பி வரவில்லை. ஒருநாள் பின்னேரம் வந்து அப்பப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மழை தொடங்கும்போது போனவர், அடுத்த வெயிலுக்குத்தான் வந்தார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அந்த மனுசனைப் பற்றியும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. எனக்கு மட்டும், போனவர்கள் வரமாட்டார்கள் என்பது அந்த வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதத்தில், இங்கே குளிர்காலம், ஒரு வார இறுதி, பலரட் போகிற வழியில் ஒரு பெரிய புல்வெளியில் எங்கள் கொம்பனிக்குத் தற்காலிக வேலி போடுகிற வேலை வந்தது. பழைய காலத்துச் சண்டையை உடுப்புப் போட்டு நடித்துக் காட்டுகிற ஒரு கூட்டம் அங்கே கூடாரம் அடித்திருந்தது. சனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்க வருவார்கள். என்ன சண்டை என்று கேட்டேன், சாக்சனும் டேனும் என்றார்கள். நிரோஷிக்குச் சொன்னால் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

புல்வெளியின் கீழ்க்கரையில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் சாக்சன் கூடாரம், அந்தப் பக்கம் டேன் கூடாரத்துக்கு விட்ட இடம். சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குள் விழாமல் இந்தக் கரை நீளத்துக்கு வேலி போடுவதுதான் எங்கள் வேலை. எங்கள் வேலி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆள் உயரத்துக்கு மேலே கம்பி வலைச் சட்டங்கள், ஒவ்வொன்றையும் கனமான காலில் நிறுத்தி, ஒன்றோடு ஒன்று சேர்த்து மேலேயும் கீழேயும் கிளாம்ப் போட்டு நட்டை ஸ்பனரால் இறுக்குவோம். இறுக்கினால் கையால் கழற்ற முடியாது. நட்டு எப்போதும் நாங்கள் நிற்கிற பக்கம்தான் இருக்கும். அன்றைக்கு நாங்கள் நின்றது மேட்டுப் பக்கம், வாகனம் நிற்கிற பக்கம்.

என்னோடு சரவணன். மதுரைப் பக்கத்து ஆள், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கிறிஸ்மஸுக்கு முறுக்குப் பெட்டியோடு வந்தானே, அவன்தான். வேலை செய்ததைவிடக் கதைத்தது கூட. “அண்ணே, ஊர்ல மாடு உள்ள வரக்கூடாதுன்னு வேலி போடுவோம். இங்க வெள்ளக்காரன் கோடாலியத் தூக்கிக்கிட்டு ஓடியாடி விளையாடுறதுக்கு வேலி போட்டுக்கிட்டு இருக்கோம்” என்றான். சாக்சன் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தது ஹெதர் என்ற பெண்மணி. கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரின் கவுண்டரில் இருக்கிறவர், அன்றைக்குக் கம்பளிச் சட்டையும் இடுப்பு வாரில் கத்தியுமாக நின்றார். நல்ல மனுசி. எங்களுக்கும் கோப்பி போட்டுத் தந்தார்.

சனிக்கிழமை காலை மீதி வேலையை முடிக்கப் போனபோது பனி மூடியிருந்தது. வெரிபீயில் எங்கள் வீட்டடியில் நாங்கள் பார்க்கிற பனி இல்லை. வேலியைக் கையால் தொட்டுக்கொண்டுதான் நடக்கலாம், அடுத்த சட்டம் தெரியாது. சரவணன் மேலே ட்ரக்கில் இருந்து வேலிக் கால்களை இறக்கப் போனான். நான் ஸ்பனரோடு வேலி நீளத்துக்கு ஒவ்வொரு கிளாம்பாக இறுக்கிக்கொண்டு போனேன். ஓடை வளைகிற இடம்வரை வந்ததும் விறகுப் புகை மணத்தது. அதோடு நனைந்த கம்பளி மணம், மாட்டுச் சாணி மணம். ஹெதரின் ஆட்கள் நேரத்தோடு அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நடந்தேன். அப்போது என் கை வேலியில் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தண்ணீர்க் கரையில் ஒரு சின்ன நெருப்பு. ஈட்டியும் கோடாலியுமாகச் சில ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் ஒருவன் மட்டும் குந்தி இருந்தான். முப்பது வயது இருக்கும், வெளிர் நிறத்தில் நீளத் தலைமயிர், காலில் தோலைச் சுற்றிக் கட்டியிருந்தான். கட்டிப் போடவில்லை. ஆனால் எழும்பிப் போகிற ஆளைப் போலவும் இருக்கவில்லை.

அவன்தான் முதலில் என்னைக் கண்டான். உடனே ஏதோ சொன்னான், ஆங்கிலம் இல்லை. இந்தக் கூட்டத்தில் சிலர் பழைய பாசை பழகிப் பேசுவார்கள் என்று ஹெதர் முதல் நாள் சொல்லியிருந்தார், அதனால் நான் பெரிதாக எடுக்கவில்லை. அவன் தன்னைக் காட்டினான், அந்தக் கரையைக் காட்டினான், பிறகு தான் இருக்கிற மரத்தையும் என்னையும் காட்டினான். முகத்தில் அவசரம். நான் என்ன நினைத்திருப்பேன்? பாவம், ஒதுங்கப் போக வேணும்போல கிடக்கு, காவலுக்கு இருக்கிற நாடகத்தில் இடத்தை விட்டுப் போக முடியாமல் இருக்கிறான் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். மண்ணெண்ணெய் வரிசை, நிவாரண வரிசை, விசா வரிசை என்று வாழ்க்கையில் பாதியை வரிசையில் கழித்தவர்கள், ஒருவர் எழும்பினால் மற்றவர் அந்த இடத்தில் இருந்து பிடித்து வைத்திருப்போம். யார் எவர் என்று கேட்பதில்லை. நான் போய் மரத்தில் இருந்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாது என்று தெரியும், ஆனாலும் அவன் ஆங்கிலம் பேசாதபடியால் என் வாயிலும் தமிழ்தான் வந்தது.

“ஓம், நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இருக்கிறன்.”

அவன் கோடாலியோடு நின்ற ஒரு கிழவனைப் பார்த்தான். கிழவன் என் ஹெல்மெட்டில் இருந்து சப்பாத்துவரை பார்த்தான். மஞ்சள் ஜாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தான். பிறகு என் கை மணிக்கட்டை எடுத்து, வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி இறுக்கிப் பிடித்து, அவனுக்குத் தலையை ஆட்டினான். அவன் தண்ணீருக்குள் இறங்கினான். முதல் நாள் அந்த ஓடையில் நான் பூட்ஸோடு நின்று கல் பொறுக்கியிருக்கிறேன், முழங்காலும் நனையவில்லை. அவனுக்கு இடுப்புக்கு மேலே வந்தது. அந்தக் கரை ஏறிப் பனிக்குள் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

கிழவன் என் கையை விடவில்லை. அப்போதுதான் நான் அவர்களை ஒழுங்காகப் பார்த்தேன். ஹெதரின் ஆட்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டிருப்பார்கள், கையில் மணிக்கூடு கட்டின அடையாளமாவது இருக்கும், எல்லோருக்கும் நல்ல பல்லு. இவர்களில் ஒருவனுக்குத் தாடை வீங்கித் துணியால் கட்டியிருந்தது, சீழ் மணத்தது. நான் எழும்பப் பார்த்தேன். அவன் கோடாலிப் பிடியை என் நெஞ்சில் குறுக்கே வைத்து அமர்த்தினான். பலமாக இல்லை. கதிரையில் இருத்துகிற மாதிரி. திரும்பி வேலியைப் பார்த்தேன். வேலி இல்லை. பனிக்குள் மேடும் மரங்களும்தான். நாங்கள் வேலி போட்ட புல்வெளியில் ஒரு மரமும் கிடையாது.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இந்த இருப்பு எனக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் வந்தது. கட்டாமல் இருத்தி வைப்பது, சுற்றி நிற்கிறவர்கள் ஆளைப் பார்க்காமல் பாதையையே பார்ப்பது, ஒருவரும் கதைக்காமல் இருப்பது. அப்பப்பாவைக் கூட்டிப்போன வீட்டு வாசலில் நான் என் அம்மாவோடு போய் நின்று பார்த்தது இதைத்தான். இவர்களுடைய ஆட்கள் யாரோ மாடுகளைக் கொண்டு அந்தப் பக்கம் விற்கப் போயிருக்கிறார்கள், வரப் பிந்திவிட்டது. அவர்களுக்காக இங்கே இருத்தி வைத்த அந்தப் பக்கத்து ஆள்தான் அவன். தன் சனத்திடம் போய்ச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பப் போயிருக்கிறான். அவனுக்குப் பதிலாக நான் இருக்கிறேன். இது எல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மரத்தில் இருந்தபோது அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. நிரோஷியைப் பின்னேரம் நெட்போல் விளையாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், அம்மாவுக்கு அன்றைக்கு வேலை, வேறு ஆள் இல்லை என்று அதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். இவ்வளவு பெரிய விசயத்துக்குள் நெட்போலா என்று நீ கேட்பாய், மனம் அப்படித்தான் போனது. மடு மாதாவைக் கூப்பிட்டேன். அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். தன் சனத்திடம் போய்ச் சேர்ந்தவன், யாரென்றே தெரியாத ஒரு மஞ்சள் ஜாக்கெட்டுக்காரனுக்காக ஏன் வரப்போகிறான்?

அந்தக் கரையில் மாடுகள் கத்தின. ஆட்களின் சத்தம் கேட்டது. பிறகு இரண்டும் நின்றது. நெருப்படியில் நின்ற எல்லோரும் தண்ணீரடிக்கு வந்துவிட்டார்கள். கிழவன் என்னைப் பார்த்தான். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், அவன் பார்த்தது வேறு மாதிரி, மன்னிப்புக் கேட்கிற முகம்.

அப்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவன் வந்தான்.

தனியாகத்தான் வந்தான். மாடு இல்லை, ஆட்கள் இல்லை. ஓடிவரவில்லை, ஆறுதலாகத் தண்ணீரைக் கடந்து கரையேறினான். கிழவன் ஏதோ கேட்டான். அவன் ஒரே சொல்லில் பதில் சொல்லி, இல்லை என்று தலையை ஆட்டினான். தாடையில் துணி கட்டியிருந்தவன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டான். போனவர்களில் அவனுடைய ஆள் யாரோ இருந்திருக்க வேண்டும்.

தண்ணீரைக் கடந்து வந்தவன் நேரே என்னிடம் வந்து ஜாக்கெட் கழுத்தைப் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினான். நிறுத்திவிட்டுத் தான் அந்த இடத்தில் இருந்தான்.

“ஏன் வந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

தமிழில்தான் கேட்டேன். அவனுக்கு விளங்கியிருக்காது. ஆனால் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான், சின்னதாக, வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற மனுசன் சொல்வது மாதிரி. பிறகு மேட்டுப் பக்கம் கையைக் காட்டி என்னைத் தள்ளினான். நல்ல பலமாகத் தள்ளினான். இரண்டு மூன்று அடி தடுமாறிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவன் இடுப்பில் இருந்து ஒரு எலும்புச் சீப்பை எடுத்து நனைந்த தலையை வாரிக்கொண்டிருந்தான். அவசரம் இல்லாமல் நன்றாக வாரி, மயிரை எல்லாம் மேலே தூக்கி உச்சியில் முடிந்தான். என்ன மனுசன், இந்த நேரத்தில் தலை வாருகிறான் என்று எனக்கு மனதில் ஓடியது. ஓடத் தொடங்கினேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் கேட்குமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே ஓடினேன், ஒன்றுமே கேட்கவில்லை.

முகம் போய் வேலியில் அடித்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலைக்கு அந்தப் பக்கம் சரவணன். நான் ஓடைப் பக்கம். எல்லாக் கிளாம்பும் இறுகியிருந்தது, நட்டு அவன் பக்கம்.

“என்னண்ணே, வேலி போட வந்துட்டு நீங்களே உள்ள மாட்டிக்கிட்டீங்க?”

“கழட்டு” என்றேன்.

“எப்பிடிப் போனீங்க?”

“கழட்டடா முதல்.”

நான் அவனை ஒருநாளும் டா போட்டுக் கூப்பிட்டதில்லை. அவன் மறுபேச்சு இல்லாமல் ஸ்பனரை எடுத்தான். வெளியே வந்ததும் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலர் மட்டும் ஏண்ணே இப்படி நனைஞ்சிருக்கு என்று கேட்டான். ஜாக்கெட்டின் மற்ற இடம் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கடைசிச் சட்டத்தப் பூட்டுறதுக்கு முன்னாடி பனியில் வழி தெரியாமல் முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போயிருப்பீங்க, அங்க இருந்த நாடகக்காரங்களப் பாத்துப் பயந்திருப்பீங்க என்றான். அந்த முனை முள்ளுப் பற்றையில் போய் முடிகிறது, என் கையில் ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் சண்டை பிடிக்கவில்லை.

ஹெதரிடம் போய், கீழே ஓடைக்கரையில் ஆளை இருத்தி வைத்து நடித்தது யார் என்று கேட்டேன். ஒருவரும் கீழே போகவில்லை என்றார். டேன் ஆட்கள் வந்த வாகனங்கள் ஹைவேயில் எங்கேயோ மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவே இல்லையாம். பிணை இருத்துவது தங்கள் நிகழ்ச்சியிலேயே இல்லையாம். ஆனால் அருமையான யோசனை, அடுத்த வருடம் செய்கிறோம், நீயே வந்து பிணையாக இரு என்று என் தோளில் தட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பனி விலகி நல்ல வெயில் வந்தது. டேன் ஆட்களும் வந்து சேர்ந்து கேடயத்தோடு கேடயம் முட்டி அடிபட்டார்கள். செத்து விழுந்தவர்கள் எழும்பி வந்து சொசேஜ் வாங்கித் தின்றார்கள். நான் கொஞ்சம் பார்த்துவிட்டு வெரிபீக்கு வெளிக்கிட்டேன். நெட்போலுக்கு நாங்கள் பிந்திப் போனோம், நீ காருக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாய்.

பிள்ளைகளே, அதுவரைக்கும் என்னைக் குழப்பினது, நான் கண்டது உண்மையா என்பதுதான். நெட்போல் கோர்ட்டடியில் அந்தக் குழப்பமும் போய்விட்டது. நிரோஷி, நீ காரை விட்டு இறங்கி, ரப்பர் பாண்டை வாயில் பிடித்துக்கொண்டு, தலைமயிர் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் மேலே தூக்கி உச்சியில் கட்டினாய். உன் பின்கழுத்து வெறுமையாகத் தெரிந்தது.

அவன் ஏன் தலை வாரினான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிழவன் கையில் கோடாலி இருந்ததே.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். நீ கண்ணாடியில் தட்டி, அப்பா, வாட்டர் பாட்டில் என்று கேட்டாய். ஜன்னலால் நீட்டினேன். நீ தலை கட்டுகிற நேரம் பார்த்து நான் ஏன் குசினிக்குள் போய்விடுகிறேன் என்று அம்மா இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறா. சாட்டு ஏதாவது சொல்லிவிடுவேன். இன்றைக்கும் என்னால் நின்று பார்க்க முடியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கரையில் நிற்கும்போதே, தன் சனத்துக்கு நடுவில் நிற்கும்போதே, திரும்பி வந்தால் என்ன என்று தெரிந்திருந்தது. தெரிந்துதான் தண்ணீருக்குள் இறங்கினான். மரத்தில் ஒருவன் இருக்கிறான் என்பதைத் தவிர அவனுக்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவனுடைய பெயரும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வேலி கழற்றப் போனோம். எல்லாச் சட்டத்தையும் ஏற்றின பிறகு சரவணன் ட்ரக்கை மேலே ரோட்டடிக்கு எடுத்துக்கொண்டு போனான். நான் கையுறை ஒன்றை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி நின்றேன். ஓடை வளைகிற இடத்துக்கு நடந்து போனேன். மரம் எதுவும் கிடக்கவில்லை, நெருப்பு மூட்டின இடமும் இல்லை, புல்லுத்தான். தண்ணீர் ஒரு முழத்துக்குக் கூட இல்லை. இந்த இடமாக இருக்கும் என்று மட்டுக்கட்டி, ஈரப் புல்லிலேயே அந்தக் கரையைப் பார்த்தபடி இருந்தேன்.

“நான் இருக்கிறன். நீங்கள் போங்கோ” என்று சொன்னேன். இந்தமுறை வரச் சொல்லவில்லை.

மேலே சரவணன் ஹோர்ன் அடித்தான். திரும்பவும் அடித்தான். நான் இன்னும் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தேன்.